பாதியில் நின்ற பி.காம்.தான் தகுதி

மிச்சிகன் கேன்டனிலிருந்து எழுதிய சகோதரருக்கு,

பி.காம். படிப்பைப் பாதியில் விட்ட உங்கள் மனைவி, முப்பத்திரண்டு வயதில் மறுபடி படிக்க விரும்புவதில் கவலைப்பட ஒன்றுமில்லை. கவலையெல்லாம் உங்கள் அண்ணன் சொல்லும் யோசனையைப் பற்றித்தான். கணக்கியலில் ஆசை வைத்திருப்பவரைக் கடன் வாங்கி நான்கு வருட கம்ப்யூட்டர் படிப்பில் சேர்க்க வேண்டுமாம். வேண்டவே வேண்டாம். வட்டி கட்டப்போவது அண்ணன் அல்ல.

"டிகிரி முடிக்காதவள்" என்று உறவினர்கள் குத்திக்காட்டுகிறார்களே, அதுதான் இப்போது கைகொடுக்கிறது. 2021இல் மாநில அரசு தொடங்கிய 'மிச்சிகன் ரீகனெக்ட்' உதவி, 25 வயது நிரம்பியும் பட்டம் எதுவும் பெறாதவர்களுக்கானது. பள்ளிப்படிப்பை முடித்து, மாநிலத்தில் ஓராண்டாவது வசித்திருந்தால் போதும். அவரிடம் கிரீன் கார்டு இருக்கிறது. வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தரும் எச்-4 விசா என்றால் இந்த உதவி கிடைக்காது, நான் இதை எழுதியே இருக்கமாட்டேன். வருமான வரம்பு கிடையாது. ஆனால் ஃபாஃப்சா என்னும் மத்திய அரசின் நிதியுதவிப் படிவத்தை நிரப்பியாக வேண்டும். "நம் சம்பளத்துக்கு யார் கொடுப்பார்கள்" என்று நம்மவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். உங்கள் வருமானத்துக்கு, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மத்திய அரசு தரும் பெல் மானியம் வராமல் போகலாம். வராவிட்டாலும் கல்விக் கட்டணத்தை ரீகனெக்ட் கட்டிவிடும்.

அதுவும் உங்கள் வட்டாரச் சமுதாயக் கல்லூரி (கம்யூனிட்டி காலேஜ்) அந்த வட்டாரத்தில் வசிப்பவர்களுக்கு வைத்திருக்கும் உள்ளூர்க் கட்டணம் வரைதான். வீடு பிளிமத்-கேன்டன் பள்ளி மாவட்டத்துக்குள் இருந்தால் லிவோனியாவின் ஸ்கூல்கிராஃப்ட் கல்லூரி உங்களுடையது. (கேன்டனில் எல்லா வீடுகளும் அந்த மாவட்டத்தில் இல்லை, விலாசத்தைச் சரிபாருங்கள்.) தோழி படிக்கிறாள் என்று வட்டாரத்துக்கு வெளியே ஆன் ஆர்பர் கல்லூரிக்குப் போனால், கூடுதல் கட்டணம் உங்கள் பையிலிருந்து போகும். புத்தகத்துக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் இந்த உதவியில் ஒரு டாலரும் வராது. அந்தத் தொகையை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

பகுதிநேரமாகவே படிக்கலாம். இடைவெளி விடாமல் தொடர்ந்தால் நான்கு ஆண்டுகள் அவகாசம். இணைப்பட்டத்துக்கு (அசோசியேட் டிகிரி) சுமார் 60 கிரெடிட், அதாவது பாட அலகுகள், என்பதால் பருவத்துக்கு இரண்டு மூன்று பாடங்கள். பிறகு பல்கலைக்கழகம் போக நினைத்தால், கல்லூரி மாறுவோருக்கான மிச்சிகன் டிரான்ஸ்ஃபர் ஒப்பந்தத்தின்படி குறைந்தது 30 கிரெடிட் பொதுப்பாடங்களைக் கூடவே எடுத்துச் செல்லலாம். அதை அவர் அப்போது முடிவு செய்யட்டும்.

கல்லூரிக்குப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழோடு பி.காம். மதிப்பெண் பட்டியலையும் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். பழைய பாடங்களில் சிலவற்றுக்குக் கிரெடிட் கிடைக்கலாம். படிவத்தை அவரே நிரப்பட்டும். வரிக் கணக்கு விவரம் கேட்டால் மட்டும் நீங்கள் கொடுங்கள்.