கேள்வி – பதில்: மூன்று தடைகளும் ஒன்றா?

கேள்வி: ‘வர்த்தகத் தடை’ என்பதன் சரியான பொருள் என்ன? 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டதையும், ஐரோப்பா எமது மீனை வாங்க மறுத்ததையும், போர்க்காலத்தில் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்குப் பொருள்கள் போகாமல் மறிக்கப்பட்டதையும் எனது தந்தையார் தடை என்ற ஒரே பெயரால்தான் சொல்கிறார். அவர் சொல்வது சரியா? இத்தகைய தடைகளால் நினைத்த காரியம் நடக்கிறதா?
– வாசகி ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: ஒரு நாடோ பல நாடுகளோ, வேறொரு நாட்டின் அரசைத் தமது விருப்பத்துக்கு இணங்க வைக்கும் நோக்குடன், அந்நாட்டுடனான கொடுக்கல் வாங்கலை முழுமையாகவோ குறித்த சில பொருள்களிலோ நிறுத்துவதே வர்த்தகத் தடை எனப்படும். குவைத்தை ஆக்கிரமித்த ஈராக்கின் மீது 1990 ஆகஸ்டில் ஐ.நா. பாதுகாப்புச் சபை விதித்தது பல நாடுகள் சேர்ந்த தடை. கியூபாவின் மீது 1962 முதல் ஐக்கிய அமெரிக்கா வைத்திருப்பது தனியொரு நாட்டின் தடை.

இந்த அளவுகோலின்படி பசளை விடயம் வர்த்தகத் தடை ஆகாது. அது எமது அரசே எமது துறைமுகத்தில் போட்ட இறக்குமதித் தடை. அம்பாறை வயல்களில் அதன் விளைவு எவ்வாறிருந்தது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மீன் விடயம் சற்று நெருங்கி வருகிறது. சட்டவிரோத மீன்பிடியை இலங்கை உரியவாறு கட்டுப்படுத்தவில்லை என்று 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் சந்தையை மூடியது. ஆழ்கடற் படகுகளுக்குக் கண்காணிப்புக் கருவி பொருத்துவது உள்ளிட்ட சீர்திருத்தங்களின் பின்னர், 2016 ஜூனில் திறந்தது. கோரிக்கை தெளிவாகவும் நிறைவேற்றக்கூடியதாகவும் இருந்தபடியால் அது பலித்தது என்பது என் கருத்து. படுவான்கரைக்கு எரிபொருள், சீமெந்து, பற்றரி, யூரியா போன்றவை வாவியைக் கடக்காமல் மறிக்கப்பட்டதைப் ‘பொருளாதாரத் தடை’ என்றே நாம் எல்லோரும் சொன்னோம். ஆனால் அது ஒரு நாட்டின் அரசு அதே நாட்டின் ஒரு பகுதிக்கு விதித்தது; ஆகவே மேற்சொன்ன பொருளில் அது வர்த்தகத் தடை ஆகாது. ஆயினும், வாவியைக் கடக்கும் மண்முனைத் துறையில் அரை மூடைப் பசளைக்கு விளக்கம் சொல்லி நின்ற தலைமுறையைச் சேர்ந்தவராயின், உங்கள் தந்தையார் அந்தச் சொல்லை விட்டுக்கொடுக்கமாட்டார், விட்டுக்கொடுக்கவும் வேண்டியதில்லை.

நினைத்த காரியம் நடக்கிறதா என்பதற்கு எமது நாட்டின் அனுபவமே நல்ல விடை தரும். கொரியப் போரில் இறங்கிய சீனாவுக்குப் போர்ப் பயனுள்ள பொருள்களை அனுப்பலாகாது என்று 1951 மே மாதம் ஐ.நா. பொதுச் சபை தீர்மானித்தது. இறப்பரும் அவ்வகைப் பொருளாகவே கருதப்பட்டது. இலங்கையோ அப்போது ஐ.நா. உறுப்பு நாடல்ல (1955இல்தான் உறுப்புரிமை கிடைத்தது). நாட்டில் அரிசித் தட்டுப்பாடு, இறப்பர் விலையும் வீழ்ச்சி. 1952 டிசெம்பரில் வர்த்தக அமைச்சர் ஆர். ஜீ. சேனாநாயக்க பீக்கிங் சென்று, ஆண்டுக்கு 50,000 மெற்றிக் தொன் இறப்பரைக் கொடுத்து 270,000 மெற்றிக் தொன் அரிசியை வாங்கும் ஐந்தாண்டு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். இறப்பருக்குச் சந்தை விலையிலும் கூடுதலாகவும், அரிசிக்குக் குறைவாகவும் விலை பேசப்பட்டது. அமெரிக்கா உதவியை நிறுத்தியது. உடன்படிக்கையோ புதுப்பிக்கப்பட்டு நீண்டகாலம் நீடித்தது. சேராத நாடு ஒன்று இருந்தாலே தடையில் ஓட்டை விழுந்துவிடும்.

இன்றைய தடைகள் அந்த ஓட்டையை வங்கி வழியாக அடைக்கப் பார்க்கின்றன. எமது சபுகஸ்கந்த எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகு எண்ணெய்க்கு ஏற்ப அமைக்கப்பட்டது. 2012இல் அமெரிக்காவின் தடை இறுகியபோது, எமது கடலில் எவரும் கப்பலை மறிக்கவில்லை. பணம் அனுப்ப வங்கியும், கப்பலுக்குக் காப்புறுதியும் கிடைக்காமற் போனதே போதுமானதாயிற்று. அப்படி நின்றுபோன எண்ணெய்க் கடன் 251 மில்லியன் டொலரை, மாதந்தோறும் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பதென்று 2021 டிசெம்பரில் ஈரானுடன் இணக்கம் காணப்பட்டது. தேயிலை உணவுப் பொருளாதலால் தடைக்குள் அடங்காது என்பது அப்போது அரசு சொன்ன விளக்கம்.