பெர்முடாவின் தேவதாரு மரமும் கஹாவ் பறவையும் அழிவின் விளிம்புக்குச் சென்றது ஏன்?

இரண்டுக்கும் வெளியிலிருந்து வந்த உயிரினங்களே முதன்மைக் காரணம். வட அட்லாண்டிக்கில் தனித்துக் கிடக்கும் இத்தீவுகளில் கொன்று தின்னும் பாலூட்டிகள் இல்லாததால், கஹாவ் என்னும் கடற்பறவை அச்சமின்றி மண்ணில் வளை தோண்டி, ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிட்டு வாழ்ந்தது. மாலுமிகள் விட்டுச்சென்ற பன்றிகளும், பின்னர் குடியேறியவர்களும், அவர்களுடன் வந்த எலி, பூனை, நாய்களும் அதை ஏறத்தாழ ஒழித்துவிட, 1620-களிலேயே அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட அப்பறவை 1951-இல் பாறைத்திட்டுகளில் மீண்டும் கண்டறியப்பட்டது.

அங்கு மண் இல்லாததால் பாறைப் பொந்துகளில் முட்டையிட்ட கஹாவை, அதைவிடப் பெரிய வெண்வால் பறவை விரட்டி, குஞ்சையும் கொன்றது. கஹாவ் மட்டும் நுழையும் அளவில் துளையிட்ட மரப்பலகையைப் பொந்தின் வாயிலில் பொருத்தியதே இதற்குத் தீர்வாயிற்று. இத்தனை எளிய ஏற்பாடு ஓர் இனத்தையே காத்தது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

தேவதாருவோ, 1940-களில் தற்செயலாக வந்துசேர்ந்த சாறு உறிஞ்சும் செதில் பூச்சிகளால் சுமார் 95 விழுக்காடு பட்டுப்போனது. அதற்கு மாற்றாக நடப்பட்ட சவுக்கு புயலில் எளிதில் சாய்ந்ததால், இயற்கைப் பாதுகாவலர் டேவிட் விங்கேட் பெர்முடாவின் சிறு தீவான நான்சச்சில் 1960-கள் முதல் தேவதாருவையும் பிற இயல்தாவரங்களையும் நட்டு வளர்த்தார். பின்னர் அங்குக் கொண்டுவரப்பட்ட கஹாவ் குஞ்சுகள் வளர்ந்து திரும்பிவந்து, இப்போது அத்தீவின் மண்ணிலேயே இனப்பெருக்கம் செய்கின்றன.