நாயும் வாயும் ஒரே ஒலியா?

கேள்வி: மாண்டரின் சீனம் கற்கத் தொடங்கியிருக்கிறேன். பின்யின் எழுத்துமுறையில் ‘நாய்’ என்ற சொல் ஆங்கில ‘ஜி’யில் தொடங்குகிறது, ‘வாய்’ என்ற சொல் ‘கே’யில். ஆசிரியர் சொல்லும்போது இரண்டும் ‘கோவ்’ என்றே காதில் விழுகின்றன. நான் ‘ஜி’யை ஆங்கில பாணியில் சொன்னால் திருத்துகிறார். எங்கே தவறுகிறேன்?

பதில்: உங்கள் காதில் பெரிய பிழை இல்லை. 1958இல் சீனா ஏற்ற பின்யின், ரோமன் எழுத்துகளைக் கடன் வாங்கியதே தவிர ஆங்கில ஒலிகளை வாங்கவில்லை. இரண்டு சொற்களிலும் இருப்பது வல்லோசைக் ககரம்தான், தொனியும் (குரலின் ஏற்ற இறக்கமும்) ஒன்றே. ‘நாய்’க்குத் தேவையான க், நாம் ‘கல்’ என்னும்போது இயல்பாக வருவது. ‘வாய்’க்கு, அந்தக் க் வெடித்ததும் மூச்சு சீறி வெளியேற வேண்டும், பிறகுதான் உயிரொலி. உதட்டருகே மெல்லிய தாளைப் பிடித்துப் பாருங்கள். பகரத்தில் சோதித்தால் தாள் இன்னும் நன்றாக ஆடும்.

மாண்டரினின் 21 முதல்மெய்களில் 12, இப்படி மூச்சால் மட்டுமே பிரியும் ஆறு ஜோடிகள். ‘தூத்ஸ பாவ் ல’ என்றால் வயிறு நிறைந்துவிட்டது. தகரத்துக்கும் பகரத்துக்கும் மூச்சைக் கூட்டினால் முயல் ஓடிவிட்டது! பழைய தமிழ் இதழ்களின் ‘மா சே துங்’கில் உள்ள ‘துங்’, பின்யினை ஆங்கிலமாகப் படித்து வந்த ‘டாங்’கைவிட உண்மைக்கு நெருக்கம் என்பேன்.

தமிழ்ப் பழக்கம் காலை வாரும் இடமும் உண்டு. ‘சங்கு’ என்னும்போது ங்-ஐ அடுத்த ககரம் நம் வாயில் தானாக மெலிகிறது. சீனாவின் பெயரான ‘ச்சோங்குவோ’வில் அப்படி மெலியவிடாதீர்கள், ‘குவோ’வைப் புதிய சொல்லாக நினைத்துத் தொடங்குங்கள்.

அசையின் இறுதி எளிது. உயிரொலியில் முடியும், இல்லையேல் ன் அல்லது ங். நாக்கை மடித்து முடிக்கும் ரகர ஓசையும் உண்டு. மகர ஈறு இல்லை. மூன்று என்பது தென்சீன மொழியான காண்டோனீஸில் ‘சாம்’, மாண்டரினில் ‘சான்’. ஓர் அசைக்குள் மெய்கள் அடுத்தடுத்து நிற்கவும் முடியாது என்பதால் மார்க்ஸ் அங்கே ‘மா-க-ஸ’ என மூன்று அசையாகிறார்.

ன், ங் வேறுபாட்டில்தான் கவனம் வேண்டும். ‘ச்சுவான்’ படகு, ‘ச்சுவாங்’ கட்டில். இரண்டிலும் தொடக்கத்தில் மூச்சு உண்டு. தமிழில் சொல்லிறுதியில் ங் தனியே நிற்காததால் நாம் ‘ச்சுவாங்கு’ என்று நீட்டிவிடுகிறோம். அடிநாக்கை மேலண்ணத்தில் ஒட்டியபடியே ஓசையை நிறுத்துங்கள். நாக்கைப் பிறகு எடுக்கலாம்.