கையெழுத்து மட்டும் போட்டால் போதுமா?

கேள்வி: திருப்பூரில் என் மாமனார் தொடங்கிய பின்னலாடை கம்பெனி, பிரைவேட் லிமிடெட். ஆறு ஆண்டுகளுக்கு முன் அவர் காலமானதும் அவருடைய இடத்தில் என்னை இயக்குநராகச் சேர்த்தார்கள். கணவர் அரசு ஊழியர் என்பதால் அவர் சேர முடியவில்லை. நானும் கணவரின் அண்ணனும்தான் இயக்குநர்கள். நிர்வாகம் முழுவதும் அவர் கையில். ஆள் அனுப்புவார், கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். இப்போது வங்கிக் கடன் வரம்பை உயர்த்த என் சொந்த ஜாமீனும் வேண்டும் என்கிறார்கள். என் அப்பா கொடுத்த வீடு என் பெயரில் இருக்கிறது. கம்பெனிப் பணம் மூத்தாரின் மனை வியாபாரத்துக்குப் போயிருப்பதாகக் கணக்குப் பிள்ளை சொல்கிறார். கேட்டால், “குடும்பத்துக்குள் கணக்குக் கேட்பதா? என்மேல் நம்பிக்கை இல்லையா?” என்கிறார். மூன்று வாரத்தில் வங்கிக்குப் பதில் சொல்ல வேண்டும். பேசாமல் பதவி விலகிவிடலாமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

சகோதரி, விலகலாம். ஆனால் முதல் வேலையாக அதைச் செய்யாதீர்கள். விலகுவதால் கடந்த ஆறு ஆண்டுகள் அழிந்துவிடாது. பதவியில் இருந்த காலத்தில் நடந்த குற்றங்களுக்கு, விலகிய பிறகும் இயக்குநர் பொறுப்பாளிதான் என்று கம்பெனிகள் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பொறுப்பைச் சுமந்துகொண்டு, கேள்வி கேட்கும் உரிமையை மட்டும் கைவிட்டுவிட்டு வருவதில் என்ன லாபம்?

உங்கள் கடிதத்தில் ‘ஆள் அனுப்புவார், கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன்’ என்ற வரியில் சற்று நேரம் நின்றுவிட்டேன். தணிக்கைத் தொழிலில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். ஒரு குடும்பக் கம்பெனியின் மினிட்ஸ் புத்தகத்தை, அதாவது கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டியபோது, ஓராண்டின் கூட்டங்கள் அனைத்தும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தன. அதில் ஒரு கூட்டத்துக்கு வந்து கையெழுத்திட்டதாகக் காட்டியிருந்த பெரியவர், அந்தத் தேதியில் காசியில் கங்கையில் மூழ்கி எழுந்துகொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகு கடன் தகராறு வழக்காக மாறியபோது அந்தக் கையெழுத்தைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

உங்களை இயக்குநராக்கியது ஏன் என்று யோசித்தீர்களா? பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் குறைந்தது 2 இயக்குநர்கள் வேண்டும். எண்ணிக்கைக்காகத்தான் உங்களைச் சேர்த்தார்கள். ஆனால் அந்த எண்ணிக்கையில்தான் உங்கள் பலமும் இருக்கிறது. இயக்குநர் குழு கூடுவதற்கும் குறைந்தது 2 பேர் வேண்டும். நீங்கள் இல்லாமல் உங்கள் மூத்தாரால் செல்லத்தக்க ஒரு கூட்டத்தைக்கூட நடத்த முடியாது. பொதுவாக ஆண்டுக்கு நான்கு கூட்டம், சிறு நிறுவனம் என்ற வகையில் வந்தால் அரையாண்டுக்கு ஒன்று என்பது சட்டம். இதுவரை நடந்ததாக எழுதப்பட்ட கூட்டங்களில் நீங்கள் உண்மையாக உட்கார்ந்தது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

மனை வியாபாரத்துக்குப் போன பணத்துக்கு வருகிறேன். இயக்குநருக்கோ அவர் கூட்டாளியாக (பார்ட்னராக) இருக்கும் தொழிலுக்கோ கம்பெனி கடன் கொடுப்பதைச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு தடுக்கிறது. பிரைவேட் கம்பெனிகளுக்கு 2015-இல் ஒரு விலக்கு கொடுத்தார்கள். அதற்கும் நிபந்தனைகள் உண்டு: வேறு எந்த நிறுவனமும் பங்கு மூலதனத்தில் பணம் போட்டிருக்கக் கூடாது, கடன் செலுத்துவதில் தவறியிருக்கக் கூடாது, வங்கிகளிடமும் பிற நிறுவனங்களிடமும் வாங்கிய கடன், செலுத்தப்பட்ட மூலதனத்தைப்போல் இரண்டு மடங்கு அல்லது 50 கோடி ரூபாய், இரண்டில் எது குறைவோ அதற்குள் இருக்க வேண்டும். சிறிய மூலதனமும் பெரிய வங்கிக் கடனுமாக ஓடும் பின்னலாடை கம்பெனி இந்த இரண்டு மடங்கு வரம்புக்குள் நிற்பது கடினம். மீறினால் பொறுப்பான அதிகாரிக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5 லட்சம் முதல் 25 லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘பொறுப்பான அதிகாரி’ யார் என்பதில், குழுவின் நடவடிக்கை வழியாக மீறல் தெரிந்தும் எதிர்ப்புச் சொல்லாமல் இருந்த இயக்குநரும் அடக்கம். இனிமேல் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

இது சின்னக் கம்பெனிகளின் நோய் என்று நினைத்துவிடாதீர்கள். 2008 டிசம்பர் 16 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற பெரிய மென்பொருள் கம்பெனியின் இயக்குநர் குழு, நிறுவனர் ராமலிங்க ராஜு குடும்பத்தாரின் இரண்டு மேட்டாஸ் நிறுவனங்களைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க ஒருமனதாக ஒப்புக்கொண்டது. அவற்றில் ஒன்று நிலம், கட்டடத் தொழில். குழுவில் பேராசிரியர்களும் பெரிய நிபுணர்களும் இருந்தார்கள். முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்ததும் சில மணி நேரத்தில் அந்த முடிவு கைவிடப்பட்டது. மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, பல ஆண்டுகளாகக் கணக்கைப் பொய்யாக ஊதிக் காட்டியதை ராஜுவே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். தொகை 7,000 கோடி ரூபாய்க்கு மேல். புலிவாலைப் பிடித்தவன் கதை. வேடிக்கை என்னவென்றால், சிறந்த நிறுவன ஆளுகைக்காக அந்தக் கம்பெனி விருது வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

ஜாமீன் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. கணக்கைப் பார்க்காமல் போடாதீர்கள். பெயர்ப் பலகையில் ‘லிமிடெட்’ என்று எழுதியிருப்பதன் பயனே, கம்பெனியின் கடன் உங்கள் வீட்டு வாசலுக்கு வராது என்பதுதான். சொந்த ஜாமீன் அந்தக் கதவைத் திறந்துவிடுகிறது. ஒப்பந்தச் சட்டப்படி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். திவால் நடவடிக்கையில் கம்பெனியின் கடன் தீர்க்கப்பட்டாலும் ஜாமீன்தாரர் தானாக விடுபட மாட்டார் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இயக்குநர் பதவியிலிருந்து நீங்கள் விலகினாலும் ஜாமீன் விலகாது. ‘நம் தொழில் எங்கே படுக்கப் போகிறது’ என்பார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டுப் பின்னலாடைத் தொழில் தடுமாறிய நாட்களை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

எப்படிக் கேட்பது? சாப்பாட்டு மேசையில் வேண்டாம். அங்கே நீங்கள் தம்பி மனைவி, அவர் மூத்தவர், பேச்சு கண்ணீரில்தான் முடியும். முதலில் கம்பெனி ஆடிட்டரைப் பாருங்கள். மூன்று ஆண்டு பேலன்ஸ் ஷீட், மூத்தாரின் தொழில் பெயரில் உள்ள கணக்கின் லெட்ஜர், வங்கியின் கடன் அனுமதிக் கடிதம் இவற்றைக் கேளுங்கள். அலுவலக நேரத்தில் கணக்குப் புத்தகங்களைப் பார்வையிடும் உரிமை ஒவ்வோர் இயக்குநருக்கும் உண்டு. யாரும் தயவு காட்டத் தேவையில்லை. கணக்குப் பிள்ளை சொன்னார் என்று மட்டும் எங்கும் சொல்லிவிடாதீர்கள், அவருடைய வேலை போய்விடும்.

மூத்தார் நம்பிக்கையைப் பற்றிப் பேசினால் கோபப்படாதீர்கள். அவர் பொய் சொல்கிறார் என்றுகூட நினைக்க வேண்டாம். தொழிலைத் தனியாளாகத் தூக்கிச் சுமப்பவர்களுக்கு, கம்பெனிப் பணமும் சட்டைப் பைப் பணமும் ஒன்றாகக் கலந்துபோவது பழக்கத்தால்தான். ‘வங்கி என் வீட்டைக் கேட்கிறது, அதனால் பார்க்கிறேன்’ என்று சொல்லுங்கள். போன பணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் திரும்பும் என்று கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் உங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள். அதையும் எழுத மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். விலகுவதைப் பற்றி அதன் பிறகு ஒரு வழக்கறிஞரோடு பேசலாம்.

கூட்டத்தை அவர்தான் கூட்ட வேண்டும் என்பதில்லை. எந்த இயக்குநரும் கூட்டலாம். அறிவிப்புக்குச் சட்டம் கேட்பது 7 நாள். உங்களுக்கு மூன்று வாரம் இருக்கிறது. இன்று மாலையே எழுதி அனுப்புங்கள்.