டேர்போ எஞ்சின் போனா முதல்ல திறப்பைத் தொடாதீங்க

கேள்வி: அண்ணே, என்ட மிட்சுபிசி 4ஜி63 டேர்போ எஞ்சின் காருக்கு பூஸ்ட் (டேர்போ தள்ளுற காத்தழுத்தம்) கூட்டி வாழைச்சேனை றோட்டில ஓடக்குள்ள டொக்டொக்கென்டு சத்தம், நீலப்புகை, நின்டிட்டு. ஒயில்ல மினுமினுப்பு. புது பிஸ்டன் ரிங் போட்டு மூடலாம் என்டு கராச்சில சொல்றாங்க, செய்யலாமா?
- வாசகர், கல்லடி

பதில்: வேணாம் தம்பி, ஒருக்காவும் ஸ்டார்ட் பண்ணிப் பாக்காதீங்க, ஒவ்வொரு சுத்துக்கும் கிராங்க் (பிஸ்டன்கள் சுத்துற தண்டு) இன்னும் கீறும். ஒயிலை வடிச்சு, ஒயில் பில்டரை வெட்டி உள்ள இருக்கிற கடதாசி மடிப்பை வெள்ளைத் துணியில விரிச்சுப் பாருங்க. மினுங்கிற தூள் காந்தத்தில ஒட்டினா இரும்பு, ஒட்டாம வெள்ளையா இருந்தா பிஸ்டன் இல்லாட்டி பேரிங்கின்ட மேல்பூச்சு, செம்பு நிறம் தெரிஞ்சா பேரிங் அடி வரைக்கும் தேஞ்சிட்டு.

பிறகு ஹெட்டைக் கழட்டுங்க. பிஸ்டன்ல ரிங் உக்கார்ற வரம்பு உடைஞ்சிருந்தா அனேகமா நொக்கிங்தான் (பெற்றோல் கண்டபடி வெடிக்கிறது), பூஸ்ட் கூட்டினா 92 ஒக்டேன் பெற்றோல் தாங்காது, 95 அடிச்சாலும் டியூனிங் சரியா இருக்கணும். அந்தக் காரணத்தைப் பிடிக்காம ரிங் மட்டும் போட்டா காசு தண்ணிலதான், அது எனக்கு உண்மையிலயே மனவருத்தம்.

கிராங்க்கை மைக்ரோமீட்டரால அளந்து, கீறியிருந்தா கிராங்க் அரைக்கிற மெசின்ல அரைச்சு அதுக்கேத்த அண்டர்சைஸ் பேரிங் போடுங்க. போர் (சிலிண்டர் துளை) 85 மில்லிமீட்டர், நீள்வட்டமா தேஞ்சிருக்கா என்டும் பாருங்க. ரிங் கேப் (ரிங் நுனிகளுக்கு இடைவெளி) சாதாரண எஞ்சினை விட கொஞ்சம் கூட வைக்கணும், சூட்டில நுனிகள் முட்டினா திரும்ப உடையும்.

முக்கியம், பழைய ஒயில் கூலரைத் திருப்பிப் போடாதீங்க, எவ்வளவு கழுவினாலும் உள்ளுக்க தூள் ஒளிஞ்சிருக்கும். டேர்போ ஒயில் குழாயையும் மாத்துங்க.