"பேசும்போது கை நடுங்குது, எல்லாரும் என்னையே பாக்குறாங்க டாக்டர்"

கேள்வி: எனக்கு வயசு 26. திருச்சியில ஒரு பேங்க்ல வேலை, சேர்ந்து 8 மாசம் ஆகுது. காலையில மேனேஜர் மீட்டிங்ல ரெண்டு வார்த்தை பேசணும்னாலே முகம் சூடாயிடும், கை நடுங்கும், குரல் அடைச்சுக்கும். என்ன நெனச்சிருப்பாங்கன்னு ராத்திரி வரைக்கும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கும். மதியம் தனியாதான் சாப்பிடுறேன். போன வாரம் கூட வேலை பாக்குற அக்கா ஒருத்தங்க, "ஆரம்பத்துல உன்ன திமிர் புடிச்ச பொண்ணுன்னு நெனச்சோம்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. அதுல இருந்து சரியா தூக்கமே இல்ல. மத்தவங்க கண்ணுக்கு நான் எப்படி தெரியுறேன்னு எப்படி தெரிஞ்சுக்குறது? இது வியாதியா?

பதில்: அந்த அக்கா சொன்னத திட்டா எடுத்துக்காதீங்கம்மா, நீங்க எழுதினதுலயே எனக்கு ரொம்ப உதவியா இருந்தது அந்த ஒரு வரிதான். கொஞ்சம் யோசிச்சு பாருங்க. நடுக்கம், செவந்த முகம், அடைச்ச குரல், இத யாரும் பாத்துடக் கூடாதுன்னு 8 மாசமா பாடுபட்டிருக்கீங்க. அவங்க அதுல ஒண்ணக்கூட சொல்லல. அவங்க கண்ணுல பட்டது எல்லாம் அத மறைக்கறதுக்கு நீங்க செஞ்ச வேலைதான். தலைய குனிஞ்சுக்கிட்டு போறது, கேட்டதுக்கு மட்டும் ஒத்த வார்த்தையில பதில், மதியம் டப்பாவ எடுத்துக்கிட்டு தனியா போயிடறது, இதெல்லாம் பக்கத்து சீட்ல இருந்து பாக்குறவங்களுக்கு "இவ நம்மள மதிக்கல"ன்னுதானே தெரியும்.

இது ஏன் இப்படி ஆகுதுன்னா, பேசும்போது உங்க கவனம் எதிர்ல இருக்குறவங்க மேல இல்ல, உங்க உடம்பு மேல இருக்கு. கன்னம் சுடுது, அப்ப கண்டிப்பா தக்காளி மாதிரி செவந்திருக்கும்னு மனசு ஒரு படம் வரைஞ்சுடுது, நெஞ்சு படபடக்குது, அப்ப குரல் நடுங்குறது கடைசி சேர் வரைக்கும் கேட்டிருக்கும்னு இன்னொரு படம். உள்ள இருந்து வரைஞ்ச அந்தப் படத்தையே மத்தவங்களும் பாக்குறாங்கன்னு நம்பிடுறோம். டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ்னு ரெண்டு இங்கிலாந்து உளவியல் ஆளுங்க 1995ல இத தெளிவா எழுதுனாங்க, நாங்க இன்னைக்கு பண்ற சிகிச்சைல பாதி அதுல இருந்து வந்ததுதான்.

1980ல அமெரிக்காவுல கிளெக், ஸ்ட்ரென்டான்னு ரெண்டு பேர் ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. கலந்துக்கிட்டவங்க முகத்துல மேக்கப்ல ஒரு பெரிய தழும்பு வரைஞ்சு கண்ணாடியில காட்டுனாங்க. அப்புறம் காயாம இருக்க க்ரீம் போடறோம்னு சொல்லி, அவங்களுக்கே தெரியாம அந்தத் தழும்ப துடைச்சு எடுத்துட்டாங்க. முகம் சுத்தமா இருக்கு, ஆனா தழும்பு இருக்குன்னு நெனச்சுக்கிட்டே போய் ஒருத்தர்கிட்ட பேசிட்டு வந்து, "தழும்பால அவங்க என்கிட்ட வேற மாதிரி நடந்துக்கிட்டாங்க"ன்னு சொன்னாங்க. இல்லாத தழும்பும்மா! எதிர்ல இருக்குறவர் சாதாரணமா கண்ண திருப்புனாக்கூட அது தழும்பாலதான்னு தோணியிருக்கு. மேனேஜர் வாட்ச்ச பாத்தா நீங்க என்ன நெனப்பீங்கன்னு எனக்குத் தெரியும்.

2000ல வந்த இன்னொரு ஆராய்ச்சியும் இதே ஜாதிதான். அந்த வயசு பசங்க போட கூச்சப்படுற ஒரு பாடகர் படம் போட்ட டீ-ஷர்ட்ட மாட்டி, காலேஜ் பசங்கள ஒரு ரூமுக்குள்ள அனுப்பி, எத்தன பேர் கவனிச்சிருப்பாங்கன்னு கேட்டா கிட்டத்தட்ட பாதிப் பேர்னு சொன்னாங்க, நெஜத்துல கவனிச்சது கால்வாசிதான். பாருங்க, கால்வாசிப் பேர் கவனிக்கத்தான் செஞ்சாங்க, அதனால யாருமே பாக்கலன்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். உங்க கை நடுங்குறதையும் ஒருத்தர் ரெண்டு பேர் பாத்திருக்கலாம். பாத்துட்டு புதுப் பொண்ணு பயப்படுதுன்னு நெனச்சுட்டு அவங்க லோன் ஃபைலுக்கு திரும்பியிருப்பாங்க.

இப்ப நீங்க கேட்டதுக்கு வரேன். எப்படி தெரியுறோம்னு உள்ள தேடி கண்டுபிடிக்க முடியாது, வெளிய இருந்துதான் பாக்கணும். என்கிட்ட வர்றவங்கள நான் 3 நிமிஷம் பேசச் சொல்லி போன்ல வீடியோ எடுப்பேன். பாக்குறதுக்கு முன்னாடியே, நடுக்கம் பத்துக்கு எவ்ளோ, செவப்பு பத்துக்கு எவ்ளோன்னு எழுதி வாங்கிடுவேன். அப்புறம் யாரோ முன்னப்பின்ன தெரியாதவங்கள டிவியில பாக்குற மாதிரி பாருங்கம்பேன். ஒரு தம்பி நடுக்கத்துக்கு 9 போட்டிருந்தார், வீடியோவ ரெண்டு தடவ ஓட்டிப் பாத்துட்டு "சார், கை தெரியவே இல்லையே"ன்னார், கொஞ்ச நேரம் கழிச்சு "ஆனா நான் ஏன் சார் தரையையே பாக்குறேன்?"ன்னு கேட்டார். அந்த ரெண்டாவது கேள்விக்காகத்தான் இவ்ளோவும். நீங்களும் வீட்ல தங்கச்சியோ ஃப்ரெண்டோ இருந்தா எடுத்துப் பாருங்க, ஆனா முதல்ல எழுதி வைக்காம பாக்காதீங்க.

இன்னொண்ணு, அவங்க அவங்க என்ன நெனைக்கிறாங்கன்னு தனித்தனியா கண்டுபிடிக்கற முயற்சிய விட்டுடுங்க. பொதுவா நம்மள எப்படி பாக்குறாங்கன்னு நமக்கு ஓரளவு தெரியும், ஆனா இன்னார் மனசுல இதுதான்னு சொல்றதுல நாம எல்லாருமே வீக். புதுசா பழகுனவங்க நம்மள நாம நெனைக்கறத விட ஜாஸ்தியா விரும்புறாங்கன்னும் 2018ல வந்த ஆராய்ச்சி ஒண்ணு சொல்லுது. அந்த அக்கா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்கல்ல, "நெனச்சோம்"னுதானே சொன்னாங்க, இப்ப அப்படி நெனைக்கல, அதான் உங்க முகத்துக்கு நேராவே சொல்ல முடிஞ்சுது.

வியாதியான்னா, இந்த பயம் 6 மாசத்துக்கு மேல இருந்து வேலையையும் பழக்கவழக்கத்தையும் கெடுத்தா அதுக்கு சோஷியல் ஆங்சைட்டின்னு பேரு, உங்களுக்கு அது இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, ஆனா நேர்ல பாத்துதான் உறுதியா சொல்ல முடியும். நடுக்கமும் படபடப்பும் இருக்கறதால தைராய்டு, ரத்தசோகைக்கு ஒரு டெஸ்ட் எடுத்துருங்க. சிபிடின்னு சொல்ற பேச்சு சிகிச்சை இதுக்கு நல்லா வேலை செய்யும், தேவைப்பட்டா எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின் மாதிரி மாத்திரையும் குடுப்போம், அது வேலை செய்ய சில வாரம் ஆகும், ரெண்டு நாள்ல ஒண்ணும் தெரியலன்னு நிறுத்திடக் கூடாது. யாராவது சொன்னாங்கன்னு மெடிக்கல் ஷாப்ல படபடப்பக் குறைக்கற ப்ராப்ரனலால் மாத்திரைய வாங்கிப் போடாதீங்க, வீசிங் இருக்கறவங்களுக்கு அது ஆபத்து. ஆள் இல்லாத நேரத்துலயும் உங்களப் பத்தி பேசுற குரல் கேட்டாலோ, உயிரோட இருக்க வேணாம்னு தோணுனாலோ அது வேற விஷயம், அன்னைக்கே டாக்டர பாக்கணும், அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.

நாளைக்கு மதியம் டப்பாவ எடுத்துக்கிட்டு அந்த அக்கா பக்கத்துல போய் உக்காருங்கம்மா. நிறைய பேச வேணாம், "எனக்கு எல்லார் முன்னாடியும் பேச பயம்க்கா, அதான் ஒதுங்கியே இருந்துட்டேன்"னு ஒரு வரி சொல்லிட்டு, நீங்க தட்ட பாக்காம அவங்க முகத்த பாருங்க.