சளி டப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறேன்

கேள்வி: "டிஎன்ஏ ஆராய்ச்சி என்று எப்போதும் பேசுகிறார்களே, அப்பா யார் என்று கண்டுபிடிப்பதைத் தவிர மருத்துவத்திலும் தொழில்நுட்பத்திலும் அதனால் என்னதான் பயன்?"

நான் லேப் டெக்னீஷியன். 11 வருடமாக டிஎன்ஏவை வைத்துத்தான் பிழைப்பு. இதுவரை ஒருவருக்குக்கூட அப்பாவைத் தேடிக் கொடுத்ததில்லை. என் மேஜைக்கு வருவது சளி.

காலையில் டப்பா டப்பாவாக வரும். ஒரு பங்கு சளிக்கு இரண்டு பங்கு ரீஏஜென்ட் (சளியை இளக்கும் ரசாயனம்) ஊற்றி, மூடியை இறுக்கிக் குலுக்கி, கால் மணி நேரம் வைப்போம். நடுவில் இன்னொரு குலுக்கல். கொழகொழவென்று இருந்தது தண்ணீராகிவிடும் (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்). அதை டிராப்பரில் கோடு வரை எடுத்து, உள்ளங்கைக்குள் அடங்கும் கார்ட்ரிட்ஜில் விட்டு மெஷினில் வைத்தால் நம் வேலை முடிந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு பதில் வரும். டிபி கிருமி இருக்கிறதா? இருந்தால், டிபிக்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது மசியுமா? டாக்டர் சீட்டில் 'சிபிநாட்' என்று எழுதுவது இதைத்தான்.

அந்த இரண்டாவது பதிலுக்குத்தான் மதிப்பு அதிகம். டிபி கிருமி மகா சோம்பேறி, ஒன்று இரண்டாவதற்கே கிட்டத்தட்ட ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அதை லேபில் வளர்த்து, மருந்து கொடுத்து, சாகிறதா என்று பார்ப்பதற்குள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகிவிடும். அதுவரை நோயாளி பலிக்காத மாத்திரையை விழுங்கிக்கொண்டு, வீட்டில் இருப்பவர்களுக்கும் பரப்பிக்கொண்டிருப்பார். இந்த மெஷின் கிருமியை வளர்ப்பதே இல்லை. டிஎன்ஏ என்பது நான்கே வேதி எழுத்துகளில் எழுதிய நீளமான வாசகம் மாதிரி. கிருமியின் ஆர்பிஓபி என்ற மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைத்தான் பார்க்கிறது. ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமிகளில் பெரும்பாலானவற்றுக்கு எழுத்து பிறழ்ந்திருப்பது அந்தத் துண்டில்தான். இதே வேலையை பேட்டரியில் ஓடியே செய்யும் 'ட்ரூநாட்' என்ற மெஷின் கோவாவைச் சேர்ந்த ஒரு கம்பெனியுடையது. உலக சுகாதார நிறுவனம் 2020ல் அதை ஏற்றுக்கொண்டது.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது பிசிஆர், அதாவது துளி டிஎன்ஏவைக் கோடிக்கணக்கில் நகலெடுக்கும் முறை. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டார்களே, அதே பிசிஆர்தான். அமெரிக்காவின் கேரி முல்லிஸ் 1983ல் யோசித்தது, 1993ல் நோபல் வாங்கிக் கொடுத்தது. டிஎன்ஏவைச் சூடாக்கினால் இரண்டு இழையும் பிரியும். ஆறவிட்டால் ஒவ்வொரு இழைக்கும் ஒரு நொதி புது ஜோடி கட்டிக் கொடுக்கும். ஒரு சுற்றுக்கு இரட்டிப்பு என்று வைத்தால், 30 சுற்றில் ஒன்று 107 கோடி ஆகிவிடும். ஒரே தொல்லை, 95 டிகிரி சூட்டில் அந்த நொதி வெந்துவிடும். ஆரம்பத்தில் சுற்றுக்குச் சுற்று புதிதாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்கு வழி அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கிடைத்தது. 70 டிகிரி வெந்நீரில் சுகமாக வாழும் ஒரு பாக்டீரியாவை 1966லேயே தாமஸ் பிராக் என்ற விஞ்ஞானி அங்கிருந்து எடுத்து வைத்திருந்தார். அதன் நொதி சூட்டுக்கு அசையாது. அது யாருக்கும் நோய் தருகிற பாக்டீரியா இல்லை. அவர் அதை எடுத்தபோது பிசிஆரே கிடையாது. 'இந்த ஆராய்ச்சியால் என்ன பிரயோஜனம்' என்று 1966ல் கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்திருக்காது.

இப்படிப் பெருக்குவதில் ஆபத்தும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிசிஆர் முடிந்த டியூபைத் திறந்த அதே கையுறையோடு போய்ப் புதுக் கலவையைத் தொட்டுவிட்டேன். நெகட்டிவ் கன்ட்ரோல் என்று, எதுவும் வரக் கூடாத வெறும் தண்ணீரையும் ஓட்டுவோம். அதில் பளிச்சென்று பேண்ட், அதாவது டிஎன்ஏ இருக்கிறது என்று ஜெல்லில் தெரியும் கோடு. சீனியர் அக்கா ஜெல்லைப் பார்த்துவிட்டு, "தண்ணிக்கு டிபி வந்திருச்சே, வார்டுல சேர்த்துடலாமா?" என்றார். அன்றைய மொத்த ரன்னும் குப்பைக்குப் போயிற்று. கண்ணுக்குத் தெரியாத துளியும் கோடியாகப் பெருகும் என்று பாடத்தில் படித்ததை அன்றுதான் நம்பினேன்.

சரி, கண்டுபிடிப்பது இருக்கட்டும், குணப்படுத்துமா? இன்சுலின் பழைய கதை. மாடு, பன்றி இவற்றின் கணையத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்ததை 1978ல் மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்துச் செய்துகாட்டினார்கள், 1982ல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேலூர். ஹீமோஃபிலியா ஏ என்பது ரத்தம் உறையத் தேவையான எட்டாவது ஃபேக்டர் என்ற புரதம் உடம்பில் போதுமான அளவு உருவாகாத நோய். பெரும்பாலும் ஆண்களுக்கு வரும். அடியே படாமல் முட்டிக்குள் ரத்தம் கசிந்து வீங்கும். கடுமையான நோய் என்றால் ஆயுசுக்கும் ஊசி. வேலூர் சிஎம்சியில் நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்லை (ரத்த அணுக்களை உருவாக்கும் தாய்ச் செல்லை) எடுத்து, ஒரு வைரஸை வண்டியாக வைத்து நல்ல மரபணுவை அதற்குள் ஏற்றி, திரும்ப உடம்பில் செலுத்தினார்கள். ஐந்து பேருக்குச் செய்தார்கள். சிகிச்சைக்குப் பிறகு கண்காணித்த காலத்தில் அவர்களுக்கு ரத்தக்கசிவே இல்லை என்று 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. ஐந்து பேர் என்பது சின்ன எண்ணிக்கை, ஸ்டெம் செல்லைச் செலுத்தும் முன் கீமோவையும் தாங்க வேண்டும். இருந்தாலும், வாரம் தவறாமல் ஊசிக்கு அலைந்தவர்களுக்கு இது என்ன என்று ஹீமோஃபிலியா வார்டுக்கு வெளியே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் புரியும்.

மரபணுப் பிழையால் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் சிக்கிள் செல் ரத்தசோகையில் என் உற்சாகம் கொஞ்சம் வடிந்துவிடுகிறது. இந்தியாவில் அந்த மரபணுவை முதலில் கண்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடம், 1952ல். கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையில் திருத்தம் செய்து அந்த நோய்க்கு மருத்துவம் பார்க்கும் 'கேஸ்ஜெவி' என்ற சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி கொடுத்தது, அடுத்த மாதம் அமெரிக்கா. அப்போது அமெரிக்காவில் அதற்கு வைத்த விலை 22 லட்சம் டாலர். ரூபாயில் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது.

அப்புறம், 2018 நவம்பரில் எழும்பூர் ரயில் நிலையத்தில் பிடிபட்ட கறி ஞாபகம் இருக்கிறதா? வால் நீளமாக இருக்கிறது, நாய்க்கறிதான் என்று சென்னையே பிரியாணியை ஒதுக்கி வைத்தது. கடைசியில் சோதனையில் ஆட்டுக்கறி என்று வந்தது. வாலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதே இல்லை, வெந்த கறித்துண்டிலிருந்துகூட டிஎன்ஏவை எடுத்து எந்த விலங்கு என்று சொல்லிவிடலாம். போலீஸ் வேலையிலும் இப்படித்தான். இங்கிலாந்தில் டிஎன்ஏவை முதன்முதலில் ஒரு கொலை வழக்கில் பயன்படுத்தியபோது, குற்றவாளி மாட்டுவதற்கு முன்னாலேயே, குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த ஒரு 17 வயதுப் பையன் நிரபராதி என்று தெரிந்தது.

டிஎன்ஏவில் கம்ப்யூட்டர் ஃபைலைச் சேமிக்கிறார்கள் என்பதும் நிஜம்தான். ஒரு கிராமில் 215 பெட்டாபைட் (ஒரு பெட்டாபைட் என்றால் பத்து லட்சம் ஜிபி) அடக்கலாம் என்று 2017ல் ஒரு கணக்கு வந்தது. ஆனால் எழுதவும் ஏகப்பட்ட செலவு, படிக்கவும் நேரமாகும். பென்டிரைவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நான் ஒப்புக்கொள்ளாத பயன் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டு அண்ணன் தன் பையனின் எச்சிலை ஏதோ ஒரு கம்பெனிக்கு அனுப்பி, வழவழ தாளில் கத்தையாக ரிப்போர்ட் வாங்கி வந்தார். எந்த விளையாட்டு பொருந்தும், எந்தப் படிப்பு பொருந்தும், என்ன சாப்பிடலாம் என்று எல்லாம் இருந்தது. ஒரே மரபணுவில் பிழை இருந்து வரும் நோயை டிஎன்ஏ பார்த்து அடித்துச் சொல்லலாம். பல நூறு மரபணுவும் சாப்பாடும் பயிற்சியும் சேர்ந்து தீர்மானிக்கிற விஷயத்தை இப்படிச் சொன்னால் அது ஜாதகம்தான், கட்டம் மட்டும்தான் இல்லை. "தம்பி, நீ என்னடா விளையாடுறே?" என்று கேட்டேன். கேரம் என்றான். ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தோம். அதில் கேரமே இல்லை.